வடிவு வீட்டுக்கு வந்த மாளிகை

போகிற இடத்திலெல்லாம் வாசலில் நின்று, "நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற பழக்கம் சண்முகவடிவுக்கு இருந்தது. அது தென்காசிப் பக்கத்துப் பழக்கம், அங்கே யார் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அதைச் சொல்லாமல் படியிறங்கினால் வளர்ப்பு சரியில்லை என்று ஊர் பேசும். ஆனால் வடிவு அதைச் சொன்னது ஆள் குடியிருக்கும் வீடுகளில் இல்லை, இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஆட்டு மந்தைகளுக்கும் ஓக் மரங்களுக்கும் நடுவே, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிற பழைய பிரபுக்களின் மாளிகைகளில், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் மடாலயங்களில், ராஜா காலத்து ரோஜாச் செடிகள் இருக்கும் தோட்டங்களில். பார்த்து முடித்துத் தேநீர்க் கடையில் ஸ்கோன் ரொட்டி தின்று முடித்து வெளியே வரும்போது வடிவு ஒரு கணம் திரும்பி நின்று, நிலைக்கல்லைப் பார்த்து அதைச் சொல்வாள். அவள் கணவர் பிரமநாயகம் அந்த நேரத்தில் கார்ச் சாவியைத் தேடுவதுபோலக் கொஞ்சம் முன்னால் நடந்துவிடுவார்.

இந்த மாளிகைச் சுற்று அவர்களுக்கு முன்பு கிடையாது. பிரமநாயகம் மெல்ப்ரிட்ஜ் ஊரின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், வடிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறவள், பிள்ளைகள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தால் இருவரும் விடிந்ததும் விளையாட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கத் தெருவிலிருக்கும் உலகம்மாள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உலகு வடிவுக்கு நேர் மூத்தவள், இந்த ஊருக்கு முதலில் வந்தவளும் தங்கச்சியை வரவழைத்தவளும் அவள்தான். அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று, அங்கேயே சண்டை போட்டு, வில்ட்ஷர் பக்கத்து வெயிலில் ஒருநாளும் காயாத வடகத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு, உலகுவின் மகள் மதிவதனிக்கு, அவள் வளர்ந்து பெரியவளான பிறகும், வடிவு தலை பின்னிவிட, சாயங்காலம் வரை இருப்பார்கள். மதி பேசக் கற்றுக்கொண்டபோது அம்மாவுக்கு முன்னால் சித்தி என்றுதான் சொன்னாள் என்று வடிவு சொல்லுவாள், உலகு அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

அப்புறம் வடிவு சொந்தமாக வீடு வாங்கினாள். பால் காய்ச்சுகிற நாளுக்காகப் பிரமநாயகமும் அவளும் தட்டில் பழம், வெற்றிலை, குங்குமம் வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் அழைத்தார்கள், முகம் பார்த்துப் பேசியிராத தஞ்சாவூர்க்காரர்களைக்கூட அழைத்தார்கள். உலகு வீட்டுக்கு மட்டும் போகவில்லை, நம்ம அக்காதானே, அவளுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியை, பொங்கி வழியும் பால் பானைப் படத்தோடு தட்டிவிட்டார்கள். உலகு அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் சேலை மாற்றி, காப்பி டிகாக்ஷன் இறக்கி வைத்து, வருவார்கள் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். பால் காய்ச்சுகிற நாளில் வடிவு நல்ல நேரம் தாண்டப்போகிற வரைக்கும் அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வரவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போகவில்லை, அதோடு போச்சு ஆறு வருஷம்.

பல் விழுந்த இடத்துக்கு நாக்கு ஓடுகிற மாதிரி அந்தக் காலியான ஞாயிற்றுக்கிழமைகளில் வடிவு ஜன்னலுக்கு ஜன்னல் போய் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பொறுக்க மாட்டாமல்தான், பழைய வீடுகளைப் பராமரிக்கிற ஓர் அறக்கட்டளையில் பிரமநாயகம் இரண்டு பேருக்கும் உறுப்பினர் அட்டை வாங்கினார். வடிவு முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு பிடித்துக்கொண்டாள். பிரபுக்கள் வீட்டுச் சமையல்கட்டில் நின்று செப்புப் பாத்திரங்களை விரலால் கணக்குப் போட்டாள், நாலு கால் கட்டிலைப் பார்த்து இதில் ஏறுவதற்குள் தூக்கம் போய்விடுமே என்றாள், ஒவ்வொரு அறையிலும் கழுத்தில் அட்டை மாட்டி உட்கார்ந்திருக்கும் தொண்டர்களிடம் இந்த வீட்டில் அக்கா தங்கச்சிகள் யாராவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்களா என்று விசாரித்தாள். அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு சமாதானம்.

தோர்ன்கோம்ப் மாளிகைக்கு அவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை தூறலாக இருந்தது, அதனால் வேறு ஆளே இல்லை. பழுப்பேறிய தேன் நிறக் கல், ஒரு பக்கம் சாய்ந்த புகைபோக்கி, மதிலோடு சேர்த்துக் கட்டி வளர்த்த பேரி மரங்கள், குளக்கரையில் இடிந்த தேவாலயம், உள்ளே நீளமான ஒரு நடைக்கூடம். நூலக அறையில் மிஸ் வினிஃப்ரெட் என்ற வயதான தொண்டர் பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டுக்கு நானூறு வருஷமாக எல்லோரும் வந்திருக்கிறார்கள், ராஜா வந்து தங்கினார், சிப்பாய்கள் வந்து கதவை உடைத்தார்கள், இப்போது நீங்களெல்லாம் வருகிறீர்கள் என்று அவர் சொன்னார். வடிவுக்கு அது மனசில் நின்றது. எல்லோரும் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்தராவது பதிலுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே, நின்று நிதானமாக, நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வரணும் என்று சொன்னாள்.

வீடு திரும்பும் வழியில், இரண்டு பக்கமும் வேலிச்செடி உயர்ந்த குறுகிய சாலையில், பிரமநாயகம் கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"வடிவு, பின்னால ஒரு வீடு வருது."

"எந்த வீடு?"

"இப்ப பாத்துட்டு வந்தோம்லா, அதுதான்."

வடிவு திரும்பிப் பார்த்தாள். தோர்ன்கோம்ப் மாளிகைதான், வேலிச்செடி கிழியாமல் ஓரங்களை ஒடுக்கிக்கொண்டு, இடது பக்கமாகவே, எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, ரவுண்டானாவில் பொறுத்திருந்து, நல்ல பழக்கமுள்ள வீடாக வந்துகொண்டிருந்தது. மேல்மாடி ஜன்னலில் மிஸ் வினிஃப்ரெட் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. வீட்டில் பால் இல்லை, முன்னறையில் துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது, ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று அவள் முணுமுணுத்தாள். போனில் சொல்லுகிறது பற்றி நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்றார் பிரமநாயகம்.

வடிவு குடியிருந்த வில்லோ தெரு அகலம் போதாது, அதனால் மாளிகை அதைப் புரிந்துகொண்டு மைதானத்துக்குள் திரும்பி, பந்தடிக்கிற இடத்துக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. முன்வாசல் வடிவு வீட்டைப் பார்க்க, பின்பக்கத்துச் சமையல்கட்டு உலகு வீட்டைப் பார்க்க அமைந்துபோனது. அதன் அடிவாரமெல்லாம் நடந்து வந்த சேறு, ஒரு சன்னலில் யாருடைய தோட்டத்திலிருந்தோ சிக்கிய துணிக்கொடி. மிஸ் வினிஃப்ரெட் இறங்கி வந்து பஸ் நிறுத்தம் எங்கே என்று கேட்டுப் போனார், மறுநாள் காலை அதே பஸ்ஸில் வந்து நூலக நாற்காலியில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பின்னலைத் தொடர்ந்தார். வீடு இருக்கிற இடத்தில் வேலை என்பது அவர் கட்சி.

வந்துவிட்ட விருந்தாளியை எப்படி நடத்துவது என்பதுதான் மெல்ப்ரிட்ஜ் தமிழர்களுக்கு அந்த வாரம் முழுக்கப் பேச்சாக இருந்தது. தமிழ்ச் சங்கத்தில் அதற்காகக் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு எதைப் பரிமாறுவது, பரிமாறினால் எதில் பரிமாறுவது என்று ஒருவர் கேட்டார், ஒரு வீட்டுக்கு வேண்டியது மனுஷ நடமாட்டமும் அடுப்புப் புகையும்தானே, அதைக் கொடுத்தால் சாப்பாடு போட்ட மாதிரிதான் என்று இன்னொருவர் சொன்னார், அது எல்லோருக்கும் சரியென்று பட்டது. வடிவு ஆரத்தி எடுத்தாள், அவ்வளவு பெரிய முகப்புக்குக் கை எட்டாமல் பிரமநாயகத்தின் ஏணியில் பாதி ஏறி நின்று சுற்றினாள். படிக்கல்லில் கோலம் போடலாமா என்று மிஸ் வினிஃப்ரெட்டிடம் கேட்டபோது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாவைத் தொட்டுப் பார்த்து, சுண்ணாம்பு கூடாது, அரிசி மாவு என்றால் பரவாயில்லை, இந்தப் படியில் இதைவிட மோசமானவை எல்லாம் கொட்டியிருக்கின்றன என்று அனுமதி கொடுத்தார்.

நாலு நாளில் அந்த வீடு ஊரோடு கலந்துவிட்டது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் பிள்ளைகளைப் பார்க்க வந்து, குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அப்பாக்களும் அம்மாக்களும் நீள நடைக்கூடத்தில் காலையும் மாலையும் கூட்டமாக நடை போட்டார்கள், சுவரில் தொங்கிய பிரபுக்களில் யார் முகம் நல்ல முகம், யார் கண்ணைப் பார்த்தாலே திருடன் என்று தெரிகிறது என்று தீர்மானித்தார்கள். நடன வகுப்பு நடனக்கூடத்துக்கு மாறியது. பந்து விளையாடுகிற வெள்ளைக்காரப் பையன்கள் கோல் கம்பத்தை நகர்த்திப் போட்டுக்கொண்டு, பந்து மாளிகை மேல் பட்டால் அது வெளியே போனதாகக் கணக்கு என்று விதி செய்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுத் துரைசானி மாளிகையால் தன் தக்காளிச் செடிக்கு வெயில் போய்விட்டது என்று கோபமாக வந்தாள், மறுநாள் மாளிகை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு ஒரு கேக் செய்து கொண்டுவந்தாள். சாம்பார் தாளிக்கிற நேரத்தில் வடிவு வீட்டைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் தானாகத் திறந்துகொண்டன, அதைப் பார்க்க வடிவுக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் பின்பக்கம் வேறு கதை. உலகு தன் வீட்டு மைதானப் பக்கத்துத் திரையை இழுத்து மூடினவள் திறக்கவே இல்லை. கல்லுக் கட்டடத்தைக்கூட வாசலில் போய் நின்று வாயார அழைத்திருக்கிறாள், கூடப் பிறந்தவளுக்குப் போனில் ஒரு தட்டு என்று அவள் கடையில் யாரிடமோ சொன்னாளாம். அது வடிவின் காதுக்கு வரக் கால் நாள் ஆகவில்லை. வடிவுக்குச் சுருக்கென்று தைத்தது, உண்மையாக இருந்ததால் இரண்டு மடங்காகத் தைத்தது. பதிலுக்குச் சொல்ல அவளிடமும் ஒன்று இருந்தது, கூப்பிட்டால் வருகிற மனசு அந்தக் கல்லுக்காவது இருக்கு. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் அப்போது வேறு ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மதிவதனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உலகு தட்டும் பத்திரிகையுமாக வீடு வீடாகப் போய் அழைத்துக்கொண்டிருந்தாள், வில்லோ தெருவில் தமிழ்க் குடும்பங்கள் இருந்த வீடுகளில் எல்லாம் மணி அடித்தது, வடிவு வீட்டைத் தாண்டித்தான் அவள் போய் வந்தாள். வடிவு சாயங்காலமானால் சேலை மாற்றி, பூ வைத்து, காப்பி டிகாக்ஷன் இறக்கி வைத்து உட்கார்ந்தாள். மணி அடிக்கத்தான் செய்தது, ஓடிப் போய்க் கதவைத் திறந்தால் மாளிகையில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்கள் நிற்பார்கள். தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு மைதானத்துக்கு இந்தப் பக்கமிருந்து மேளச் சத்தம் மட்டும் கேட்கப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றத் தோன்றச் சோறு இறங்கவில்லை. நாமே போய் நின்றால் என்ன என்று பிரமநாயகம் ஒரு தடவை கேட்டார். கூப்பிடாத கல்யாணத்துக்குப் போனால் மதிக்குத்தான் தலைகுனிவு என்று வடிவு சொல்லிவிட்டாள்.

இதற்கு நடுவில் அறக்கட்டளையிலிருந்து ஹேவர்ஸ்டாக் என்றொருவர் வந்தார், மெழுகு பூசிய மழைக்கோட்டும் ரப்பர் பூட்சுமாக, நல்ல மனுஷர், திட்டவெல்லாம் இல்லை, வடிவு கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் கண் கலங்கினார். மாளிகை கிளம்பி வந்த இடத்தில் தோட்டம் திக்குத் தெரியாமல் நிற்கிறது, சுவரில் சாய்ந்து பழகின கொடி ரோஜாக்களைக் கம்பு நட்டுக் கட்டி வைத்திருக்கிறோம், அந்தக் கிராமத்துக்கு அதைவிட்டால் பிழைப்பு இல்லை, தேநீர்க் கடையில் பூனை தூங்குகிறது என்றார். பொறியாளர்களை வைத்துப் பார்த்தாயிற்று, அதை அசைக்க முடியவில்லை, கூப்பிட்டதால் வந்த வீடு, அனுப்பினால்தான் போகும், ஆகவே அம்மா நீங்கள் ஒரு வார்த்தை அதைப் போகச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வடிவு திகைத்துப் பிரமநாயகத்தைப் பார்த்தாள். "வந்தவங்கள எப்படிப் போன்னு சொல்லுதது?"

பிரமநாயகம் அதை இங்கிலீஷில் தன்னால் ஆனமட்டும் விளக்கினார். எங்கள் பக்கத்தில் விருந்தாளி தானாகத்தான் போய்ட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும், நாங்கள் அதற்குள்ளயா, இருந்து சாப்பிட்டுப் போகலாமே என்றுதான் சொல்ல வேண்டும், அவர்கள் இல்லை இன்னொரு நாள் என்று சொல்ல வேண்டும், நாங்கள் மனசில்லாமல் வாசல் வரை வர வேண்டும், இதில் எந்த இடத்திலும் போ என்ற சொல் கிடையாது. ஹேவர்ஸ்டாக் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். எங்களுக்கும் இப்படி ஒரு கஷ்டம் உண்டு, அதனால்தான் நாங்கள் யாரையும் அதிகம் கூப்பிடுவதில்லை என்றார். மறுநாள் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மறுநாள் மத்தியானம், வேலை முடிந்ததும், வடிவு நேரே மைதானத்துக்குப் போனாள். வெயில் அடித்தது, பையன்கள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை, நடை போடுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாளிகையின் முன்கூடத்தில், கறுப்பு வெள்ளைக் கல் பாவிய தரையில், படிக்கட்டுக்கு எதிரே அவள் நின்றாள். தோட்டம் தவிக்கிறதாம், ஒரு ஊர் பிழைப்பில்லாமல் கிடக்கிறதாம், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தவள், வெளியே வெயில் நல்லா இருக்கு என்றாள். சாப்பாடெல்லாம் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். பிறகு, யாரும் இல்லை என்ற தைரியத்தில், மதிக்குக் கல்யாணம், என்னைக் கூப்பிடவில்லை என்று சொல்லி அழுதாள். மாளிகை அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டது, நானூறு வருஷத்தில் அது இந்த மாதிரி எவ்வளவோ கேட்டிருக்கும்.

வெளியே படியில் வளையல் சத்தம் கேட்டது. வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நிலைக்கு அந்தப் பக்கம் உலகு நின்றுகொண்டிருந்தாள், அரக்குப் பட்டு, கையில் தட்டு, தட்டில் பழமும் வெற்றிலையும் குங்குமச் சிமிழும் மேலே மஞ்சள் தடவிய பத்திரிகையும். ஊருக்கு வந்த பெரிய வீட்டை அழைக்காமல் ஒரு கல்யாணம் நடத்துவது மரியாதை இல்லை என்று அவள் வந்திருக்க வேண்டும், அல்லது அப்படி ஒரு காரணம் கிடைத்ததே என்று வந்திருக்க வேண்டும். இருவரும் ஒரு கை தூரத்தில் நின்றார்கள். உலகு தங்கச்சியைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பி, நிலைக்கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வீட்ல கல்யாணம் வச்சிருக்கோம். நீங்க அவசியம் வரணும். நேர்ல வந்து அழைக்கணும்னு வந்தேன், சில பேரு மாதிரி போன்ல தட்டிவிடுத பழக்கம் எனக்கு இல்ல."

வடிவு வாசலை ஒட்டியிருந்த படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கைப்பிடிக் கட்டையிடம் சொன்னாள்.

"அழைச்சா யாருதான் வரமாட்டாக. ஆனா சில பேரு, சொந்தத் தங்கச்சிங்கற உரிமையில ஒரு வார்த்த குறைஞ்சுபோச்சுன்னு வராமலே இருந்துட்டாக, பால் பொங்குத வரைக்கும் ஒருத்தி வாசலப் பாத்துட்டே நின்னாளே, அதைக் கேக்கவே இல்ல."

மிஸ் வினிஃப்ரெட் நூலகத்தில் பின்னலை நிறுத்திவிட்டார், தமிழ் தெரியாவிட்டாலும் எந்தப் பேச்சுக்கு ஊசியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த வயசு அவருக்கு.

"நின்னது எனக்குத் தெரியாது," என்றாள் உலகு நிலைக்கல்லிடம். "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, குரலைக் கெட்டியாக்கிக்கொண்டு தொடர்ந்தாள். "நீங்க சும்மா விருந்தாளியா வந்து இலையில உக்காரக் கூடாது. ரெண்டு நாள் முன்னாடியே வந்துரணும். பொண்ணுக்குத் தலை பின்னணும். யாரு பின்னுனாலும் அவளுக்குப் பிடிக்க மாட்டேங்கு. இழுக்கு, வலிக்குங்கா. சித்தி பின்னுனா வலிக்காதுன்னு காலையில இருந்து ஒரே அழுகை. நான் என்ன செய்ய முடியும், நான் பெத்தவ மட்டும்தானே."

வடிவு கைப்பிடிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உலகு தட்டை இரண்டு கையாலும் நிலைக்கல்லை நோக்கி நீட்டினாள், அது வாங்கிக்கொள்ளும் என்று நம்பினவள்போல.

அப்போதுதான் தோர்ன்கோம்ப் மாளிகை எழுந்தது. சத்தமில்லை, ஒரு கதவு அடித்துக்கொள்ளவில்லை, கண்ணாடி ஒன்று அதிரவில்லை. வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேச வேண்டியது இருக்கிறது என்று கண்டால் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்கிற விருந்தாளிகள் உண்டு, அந்த நல்ல குணம் அதற்கும் இருந்தது. வடிவின் கைக்குள்ளிருந்து கைப்பிடிக் கட்டை மெதுவாக நழுவியது, காலுக்குக் கீழே கறுப்பு வெள்ளைக் கல் விலகிப் புல் வந்தது, தலைக்கு மேலே கூரை விலகி வானம் வந்தது, இருவருக்கும் நடுவில் இருந்த நிலைவாசல் ஒதுங்கிப் பின்னால் போனது. மேல்மாடி ஜன்னலில் மிஸ் வினிஃப்ரெட் கையசைத்தார். மாளிகை ஊஞ்சலைத் தாண்டி, பாப்ளர் மரங்களைத் தாண்டி, தன் தோட்டம் இருக்கிற திசையில் போய்விட்டது.

மைதானத்தின் நடுவில், கட்டடம் இருந்த அளவுக்கு வெளுத்துப்போன புல்லில், அக்காவும் தங்கச்சியும் நின்றார்கள். உலகு தட்டை நீட்டியபடியே இருந்தாள், ஆனால் பேசுவதற்கு எதிரில் சுவர் இல்லை. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் கோல் கம்பம் இருந்தது, அதையும் ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள், அவ்வளவு தூரம் கத்திப் பேசினால் தெருவே வந்து நிற்கும் என்று விட்டுவிட்டாள். வடிவும் திரும்பி நின்று பேச ஒரு மரம்கூடக் கிட்டத்தில் இல்லை. வெயிலில் அக்காவின் முகம் முழுசாகத் தெரிந்தது, ஆறு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஜன்னலிலிருந்து பார்த்தபோது அதெல்லாம் தெரிந்ததே இல்லை.

உலகு மெதுவாகத் தட்டோடு திரும்பினாள்.

"ஏட்டி வடிவு, தட்டை வாங்கு. கை வலிக்கு."

வடிவு இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.